குறுக்கே ஒரு கோடு

"செருப்ப எங்க வுட்டீங்க?"

இந்த ஒரே கேள்வியில் இரண்டு பெண்களின் சாவு லீவு காலியானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டவர் எங்கள் கம்பெனியில் தைத்த மேல்தோலைப் பரிசோதிக்கும் மேசையில் இருந்த அக்கா. மாட்டிக்கொண்டவர்கள் மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் இரண்டு பேர். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா தவறிவிட்டாராம். இருவரும் ஒன்றாகப் போய்விட்டு ஒன்றாக வந்தார்களாம்.

அக்கா "அய்யோ பாவம்" என்றார். பிறகு ஒருத்தியைத் தண்ணீர்க் குழாய் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டார். அவள், "சாவு வூட்டு வாசல்ல, வேப்பமரத்தாண்ட" என்றாள். இன்னொருத்தியைப் பை மாட்டும் ஆணிகள் பக்கம் நிறுத்தி அதையே கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செருப்பே போட்டுக்கினு போவலக்கா, துக்கத்துல" என்றாள்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள் செருப்பில்லாமல் பஸ் ஏறிப் போய் வந்தாளாம்.

ஏலகிரிக்குப் போயிருந்தார்கள் என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெளியே வந்துவிட்டது. படகில் உட்கார்ந்து எடுத்த போட்டோகூட வந்தது. அக்கா ஆபீசில் போட்டுக்கொடுக்கவில்லை. "இனிமே போனா ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சிக்கினு போங்க" என்றதோடு விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை. செத்தவருக்குத் தலையை எந்தப் பக்கம் வைத்திருந்தார்கள் என்று கேட்டிருக்கலாமே என்றேன்.

"அவங்க வூட்ல எல்லா சாவுக்கும் தெற்குதான் சார். அத யார்னா சொல்லுவாங்க. யோசிச்சி வெக்காத எடத்துல குறுக்க ஒன்னு போடணும். ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி வெட்டுச்சின்னா ரெண்டும் சீரா போற கோடு. வெட்டலைன்னா எதுவோ ஒன்னு பொய்."

கணக்கிலிருந்து எடுத்ததுதான். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே சீராகப் போகின்றனவா என்று தெரிய, அவற்றின் பின்னாலேயே கடைசிவரை நடக்க வேண்டியதில்லை. குறுக்கே சாய்வாக ஒரு கோடு போட்டால் போதும். அது முதல் கோட்டோடு ஏற்படுத்தும் கோணமும் இரண்டாவது கோட்டோடு ஏற்படுத்தும் கோணமும் சமமாக இருந்தால் அவை இணைகோடுகள். ஏழாவதோ எட்டாவதோ படித்த எல்லாருக்கும் நடத்தியிருப்பார்கள். அக்காவிடம் இதை எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "உங்களுக்கு நடத்துன எடத்துலதான். நீங்க மறந்துட்டீங்க, நான் மறக்கல" என்றார்.

மறக்காதது மட்டுமில்லை, அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் இருந்ததாகவும் தெரியவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு ஏழுக்கு மேல் போனால் தடுமாறுவார். இந்த ஒன்றை வைத்துக்கொண்டே உலகத்தை அளந்தார்.

அதற்கு அவரிடம் ஒரு கருவியும் இருந்தது. ஷூவுக்கு உள்ளே அடியில் வைக்கிற கெட்டி அட்டை இருக்கிறதே, அதன் கழிவில் வெட்டிய ஆப்பு மாதிரி ஒரு துண்டு. அடையாள அட்டை உறைக்குள், தன் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். அப்போது எங்கள் வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பெண்கள் ஷூ. மேல்தோலில் நீளவாக்கில் இரண்டு வரித் தையல், அவற்றைக் குறுக்கே சாய்வாகக் கடக்கும் ஒரு பட்டை. பட்டையை முதலில் பசையால் ஒட்டுவார்கள், பரிசோதனையில் தேறிய பிறகுதான் தைப்பார்கள். மற்ற பரிசோதகர்கள் ஸ்கேலை வைத்து, இரண்டு வரிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை அளந்து, மனசுக்குள் கழித்துப் பார்ப்பார்கள். அக்கா அட்டையைப் பட்டையோடு ஒட்டி வைத்து ஒரு தள்ளுத் தள்ளுவார். முதல் வரியில் பொருந்தி, இரண்டாவது வரியிலும் பொருந்தினால் தோல் வலது பக்கக் கூடைக்குப் போகும். பொருந்தாவிட்டால், "இது வழியில முட்டிக்கும்" என்று சொல்லி இடது பக்கம் போடுவார். மற்றவர்கள் பத்து பார்ப்பதற்குள் அவர் இருபத்தைந்து பார்த்துவிடுவார்.

அதோடு விட்டிருந்தால் நல்ல பரிசோதகர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர் விடவில்லை. கம்பெனி பஸ் போகும் வழியில் ஓரிடத்தில் ரோடும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் போகும். இரண்டையும் வெட்டிக்கொண்டு ஒரு சந்து ரயில்வே கேட் வழியாகப் போகும். ரோடும் தண்டவாளமும் ஒரே சீராகத்தான் போகின்றன என்று டிரைவர் அண்ணன் சொல்லிவிட்டார். அக்கா பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இறங்கிச் சந்து முனையில் குந்தி, ரோட்டு வெள்ளைக்கோட்டின் மேல் அட்டையை வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டுக்கு நடந்து போய்த் தண்டவாளத்திலும் வைத்தார். கேட் கீப்பர் கத்தியது பஸ் வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னார்.

"சீரா போவலண்ணா. ஒன்னு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. இப்படியே போச்சின்னா எங்கனா ஒரு எடத்துல ரோடு தண்டவாளத்து மேல ஏறிடும்."

டிரைவர் கியரைப் போட்டார். "அதுக்குத்தாம்மா ஓவர் பிரிட்ஜ் கட்டி வெச்சிருக்கான்!"

பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு நாற்பது பேருக்கும் கம்பெனி கேட்டில் லேட் போட்டார்கள். அக்கா மட்டும் மூன்று நாள் டிரைவரோடு பேசவில்லை. நாலாவது நாள் போய், "நீ சொன்னதும் சரிதாண்ணா" என்று ஒத்துக்கொண்டார். அதுவும் அவர் குணம். தப்பு தன் பக்கம் என்று தெரிந்தால் அதை மறைக்க அவருக்கு வராது, மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மட்டும் நன்றாக வரும்.

மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே வேலைதான். மாப்பிள்ளையின் அம்மாவை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கும் சாக்கில், "தம்பிய காலைல யாரு எழுப்பறது?" என்று கேட்டார். "அவனே அஞ்சு மணிக்கு ஏந்துக்குவான்" என்றார் அந்தம்மா. வெளியே வந்து மாப்பிள்ளையிடம் கேட்டார். "எங்கம்மாதான் ஆண்ட்டி, தண்ணி தெளிச்சி எழுப்புவாங்க" என்றான் அவன். சம்பந்தம் போச்சு என்று அவர் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அக்கா தட்டை மாற்றச் சொன்னார். "ரெண்டும் ஒத்துக்கலதான். ஆனா கட்டிக்கப் போறவன் உண்மைய சொல்றான் இல்ல? நம்ம பொண்ணு அவங்கம்மாவையா கட்டிக்கப் போவுது?"

இதையெல்லாம் நான் அப்போது ரசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வயது இருபத்து நான்கு. வீடு வேலூர் பாகாயத்தில், கையில் டிப்ளமோ, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் மூன்று பேனா. சூப்பர்வைசராகச் சேர்ந்து ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் முடிய மூன்று வாரம் இருந்தது. அப்பாவுக்கு வேலை போயிருந்த நேரம். வீட்டில் எல்லாரும் அந்த நிரந்தரக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். ஏதாவது ஒன்று செய்து மேனேஜர் கண்ணில் பட வேண்டும் என்று எனக்குள் நமைச்சல்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்கா அட்டையை மேசையிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் அதை எடுத்துத் தாளில் வரைந்துகொண்டேன். அதே அளவில் பன்னிரண்டு அட்டை வெட்டச் செய்தேன். பரிசோதகர்கள் குழம்பக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனாவால் 'மேல்பக்கம்' என்று எழுதினேன். ஷூவின் மூக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்குப் பச்சையில் ஓர் அம்புக்குறி போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் முன்னிலையில் விநியோகம் செய்தேன். எல்லாருமே அக்கா வேகத்தில் பார்ப்பார்கள் என்று விளக்கினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கும் மேலே ஒன்று செய்தேன். "இனிமே நீங்க உள்துணி மேசைய பாத்துக்குங்கக்கா" என்று அவரை அந்த வரிசையிலிருந்தே மாற்றி, ஷூவுக்குள் ஒட்டும் துணியைக் கத்தரிக்கிற மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

அக்கா என் அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து நல்லா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு உள்துணி மேசைக்குப் போய்விட்டார். பாராட்டினார் என்றே நினைத்துக்கொண்டேன்.

இடது காலும் வலது காலும் ஒன்றல்ல, ஒன்றுக்கு மற்றது கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி. எங்கள் ஷூவில் பட்டை கட்டைவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் சரிந்து இறங்கும். அதனால் ஜோடியைப் பக்கத்தில் வைத்தால் பட்டைகள் எதிரெதிராகச் சாயும். இடது காலுக்கு வெட்டிய அட்டையை வலது காலில் வைக்க, கவிழ்த்துப் போட வேண்டும். அக்கா கவிழ்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், தோசையைத் திருப்புகிற மாதிரி, யோசிக்காமலே. நான் 'மேல்பக்கம்' என்று எழுதியிருந்தேன். எங்கள் பரிசோதகர்கள் எழுதியிருப்பதை மீறாதவர்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடது கால் தோல்கள் அத்தனையும் தேறியிருந்தன. வலது கால் ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்த இடத்தில் ஒரு மடையனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்ததோ கோபம். வலது காலுக்குப் பட்டை ஒட்டும் மேசைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஒட்டுகிற அண்ணன், "நேத்து வரைக்கும் சரியாதான சார் இருந்துச்சு?" என்று பாவமாகக் கேட்டார். "அளவுன்னா அளவுதான். அட்டைய வெச்சி அது சொல்ற மாதிரி ஒட்டுங்க" என்றேன். அவர்களும் ஒட்டினார்கள். பசை காயாத நானூறு வலது காலிலும் பட்டையைப் பிரித்து என் அட்டை சொன்ன மாதிரியே ஒட்டினார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பதைத் தைத்தும் விட்டார்கள்.

ஜோடி சேர்க்கும் மேசையில் இருந்த பெண்தான் முதலில் சிரித்தாள். இடதையும் வலதையும் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டாள். "இன்னாடி இது, ரெண்டு காலும் ஒரே பஸ்ஸ புடிக்க ஓடுது!" இரண்டு பட்டைகளும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. அவ்வளவு அழகான இணைகோடுகளை நான் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

எங்களிடம் ஷூ வாங்கும் கம்பெனியின் ஆள் திங்கட்கிழமை சரக்கு பார்க்க வருகிறார். ஒட்டியதை உரித்துவிடலாம். தைத்த நாற்பது போனது போனதுதான். தோலில் ஊசி போட்ட ஓட்டை துணி மாதிரி மூடிக்கொள்ளாது.

மேனேஜர் வந்தார். ஆம்பூர்க்காரர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒரு ஜோடியைக் கையில் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். "யாரு வேல இது?"

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "சார், அட்டை அக்காவோடது" என்றேன்.

பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலமாக இருந்தது. உள்துணி மேசையில் கத்தரி நின்றது. அக்கா எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"சார், எங்க ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா ஒரே கேள்வி கேளுங்க. இதுல உன் தப்பு இன்னான்னு கேளுங்க. அடுத்தவங்களுது வேணாம்."

மேனேஜருக்கு அக்காவின் பழக்கம் தெரியும். லேசாகச் சிரித்துக் கண்ணாடி அறையைக் காட்டினார். அக்கா முதலில் போனார். வெளியிலிருந்து அவர் கை அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

அறைக் கதவுக்கு ஆறு அடிதான் இருக்கும். அந்த ஆறு அடிக்குள் என் மூளை அந்த ஒரு வருடத்தில் செய்யாத வேலையைச் செய்தது. அக்கா என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் மறைப்பதில் பயனில்லை. அக்கா எல்லாத் தப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தால், உண்மையைச் சொல்லி நானே வேலையைத் தொலைப்பேன். அட்டையைத் தந்தது என் தப்பு என்று மட்டும் சொல்லியிருந்தால்? ஒன்றுமே சொல்லாமல் அழுதிருந்தால்? அவர் அழுகிற ஆள் இல்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் உண்மையைச் சொன்னதை யாரும் நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒத்துப்போகிற மாதிரி ஒரு பொய் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"சார், அட்டைய அவங்கள கேக்காம எடுத்தேன். 'மேல்பக்கம்'னு எழுதுனது நான். அம்புக்குறி போட்டதும் நான். வலது காலுக்குத் திருப்பிப் போடணும்னு எனக்குத் தோணவே இல்ல. ஒட்டறவங்க சொன்னாங்க, நான் கேக்கல."

மேனேஜர் எழுந்தார். கதவைத் திறந்து அக்காவையும் உள்ளே கூப்பிட்டார்.

"என்னம்மா, பேஜாரா இருக்குது. நீங்க வேற சொல்றீங்க, இவர் வேற சொல்றார். நீங்க இன்னா சொன்னீங்களோ அத இவர் முன்னாடி இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார். "வெள்ளிக்கெழம காலைல கையில எடுத்தப்பவே தெரிஞ்சிச்சி, அந்த எழுத்து வலது காலுக்கு ஆவாதுன்னு. சொல்லல. என்னை ஒரு வார்த்த கேக்காம செஞ்சாரு, மேசைய வேற மாத்திட்டாரு. கோவம். மாட்டிக்கட்டும்னு வுட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாப்பது தோலு போயிருக்காது."

தெரிந்தேதான் விட்டிருக்கிறார். நான் குழியில் இறங்குவதை ஒன்றரை நாள் பார்த்துக்கொண்டே உள்துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த நொடி வேறொன்றும் உறைத்தது. அவர் சொன்னதற்குச் சாட்சியே கிடையாது. மனசுக்குள் நடந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மேனேஜர் மேசையில் விரலால் தட்டினார். "ரெண்டும் ஒன்னா இல்லியே. உங்க கணக்குப்படி பாத்தா யாரும்மா கோணல்?"

"இது அந்தக் கோணம் இல்ல சார்" என்றார் அக்கா, கொஞ்சம் எரிச்சலோடு. "குறுக்குக் கோட்டுக்கு ஒரே பக்கம், ரெண்டு கோட்டுக்கும் உள்ள ரெண்டு கோணம் இருக்கும். அது சமமா இருக்காது. ஒன்னு ஜாஸ்தியா இருக்கும், ஒன்னு கம்மியா இருக்கும். அத ஒத்துப் பாக்கக் கூடாது, கூட்டிப் பாக்கணும். நூத்தியெம்பது வந்தா போதும்."

"இதுல வருதா?"

"நாப்பது தோலுக்கும் கணக்கு வந்துடுச்சி இல்ல சார்? அவருது ஜாஸ்தி, என்னுது கம்மி. மிச்சம் எதுனா இருந்தா சொல்லுங்க, தேடலாம்."

மேனேஜர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. என் பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. வேலை போகவில்லை. அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள், பத்தொன்பது வருடத்தில் முதல் மெமோ. பிறகு மேனேஜர், நாங்கள் இரண்டு பேரும் நாளைக்கு வந்து மிச்சமிருக்கும் முந்நூற்று அறுபது வலது காலிலும் பட்டையை உரித்துத் திரும்ப ஒட்ட வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஆறு மாதம் என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. வேலை இருக்கிறதே என்ற அழுகைதான் பாதி.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அக்கா கோவில் சேலையோடே வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். நூறு தோலில் பட்டையை உரித்து முடித்தோம். மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றார். அவர் கேட்பாரென்று பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"அக்கா, நீங்க தெரிஞ்சே வுட்டது யாருக்குமே தெரியாது. நீங்களா ஏன் போய் சொன்னீங்க? நான் உண்மைய சொல்லிடுவேன்னு நம்பினீங்களா?"

"உன்னையா? நம்புவேனா?" என்றார். அதுவரை சார் என்றவர். "நீ பொய்தான் சொல்லுவன்னு நெனச்சேன். நீயும் பொய் சொல்லி, நானும் பொய் சொன்னா, ரெண்டுல எத வெச்சி எத புடிக்கறது? ஒன்னாவது ஒழுங்கா இருக்கணும் இல்ல?"

சொல்லிவிட்டு அடுத்த வலது காலை எடுத்து, பட்டையின் நுனியை நகத்தால் தூக்கி, சர்ரென்று உரித்தார்.